ஒரே ஹீம், வேறு வேறு விளைபொருள்: ஆக்சிஜனேற்ற நொதிகளின் தெரிவுத்திறன் எங்கிருந்து வருகிறது?

கரிமம்:
நான் கரிமத் தொகுப்பில் இருப்பவன், நொதிகளோடு பழக்கம் குறைவு. பெரிய வளைய மூலக்கூறு ஒன்றில் ஒரே ஒரு கார்பனில் மட்டும் ஹைட்ராக்சில் தொகுதியை ஏற்றவேண்டிய தேவை வந்ததால் படிக்கத் தொடங்கினேன். முதலில் கண்ணில் பட்டது 1952-ஆம் ஆண்டு வேலை. அப்ஜான் நிறுவனத்தில் பீட்டர்சனும் மர்ரேயும் புரோஜெஸ்டிரோனை ரைசோபஸ் பூஞ்சையிடம் கொடுத்து, 11-ஆல்பா-ஹைட்ராக்சிபுரோஜெஸ்டிரோனை ஒரே படியில் எடுத்தார்கள். அதற்கு முன் கார்ட்டிசோன் செய்யப் பித்த அமிலத்தில் தொடங்கி முப்பதுக்கு மேற்பட்ட படிகள் போகவேண்டும். 12-ஆம் கார்பனில் இருக்கும் ஆக்சிஜனை 11-க்கு நகர்த்துவதிலேயே பெரும்பாடு கழிந்துவிடும்.

நம் குடுவையில் எந்த ஆக்சிஜனேற்றியைப் போட்டாலும் வலிமை குறைந்த கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புதான் முதலில் போகும். மூவிணையக் கார்பனில் 96, ஈரிணையத்தில் 98, ஓரிணையத்தில் 101 கிலோகலோரி என்று பிணைப்பு ஆற்றல் ஏறிக்கொண்டே போகிறது. நொதிகள் இந்த வரிசையைக் கண்டுகொள்வதே இல்லை. சைட்டோகுரோம் பி450 குடும்பத்தில் ஆயிரக்கணக்கான நொதிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே ஹீம் வளையம், அதன் நடுவில் அதே இரும்பு, அந்த இரும்பைப் பிடிக்கும் அதே சிஸ்டீன் அமினோ அமிலம். ஆனால் ஒன்று சங்கிலியின் நுனியைப் பிடிக்கிறது, இன்னொன்று நடுவை, மற்றொன்று இரட்டைப் பிணைப்பில் எபாக்சைடு போடுகிறது.

பாடப்புத்தகம் பூட்டு-சாவி என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. அது எனக்குப் போதவில்லை. தெரிவு எந்தப் படியில், எந்த அணுவால் நடக்கிறது என்று சொல்ல முடியுமா?

ஹீம்வலை:
கேள்வியை நல்ல இடத்தில் பிடித்திருக்கிறீர்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பி450-இல் உண்மையில் வேலை செய்வது காம்பவுண்ட்-1 என்கிற இடைநிலை. இரும்பு நான்காம் ஆக்சிஜனேற்ற நிலையில் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும், ஹீமின் போர்ஃபைரின் வளையம் ஓர் எலக்ட்ரானை இழந்து தனி உறுப்பாக (இணையில்லா எலக்ட்ரான் கொண்டதாக) இருக்கும். பல பத்தாண்டுகள் எல்லோரும் ஊகித்துவந்த இதை 2010-இல் ரிட்டிலும் கிரீனும் சிஒய்பி119 என்ற பி450 நொதியில் பிடித்துக் காட்டினார்கள். இது தளப்பொருளிலிருந்து, அதாவது நொதி தாக்கும் மூலக்கூறிலிருந்து, ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பறிக்கும். பிறகு இரும்பின் மேல் உள்ள ஹைட்ராக்சில், கார்பன் தனி உறுப்போடு திரும்பிப் பிணையும். குரோவ்ஸ் முன்வைத்த ‘ரீபவுண்ட்’ வழிமுறை இதுதான்.

இங்கே கவனிக்கவேண்டியது: காம்பவுண்ட்-1 தேர்ந்தெடுக்கிற பிறவி அல்ல. 100 கிலோகலோரிப் பிணைப்பையும் உடைக்கும் வலிமை அதற்கு உண்டு, எட்டும் தூரத்தில் எது வந்தாலும் உடைக்கும். ஆகவே தெரிவு முழுவதும் ‘எது எட்டும் தூரத்தில் வருகிறது’ என்பதில் அடங்கியிருக்கிறது. அதைத் தீர்மானிப்பது புரதம்.

இதற்குச் சிறந்த உதாரணம் சூடோமோனாஸ் புட்டிடாவின் பி450கேம். கற்பூரத்தை 5-ஆம் கார்பனில், எக்சோ முகத்தில் (பாலக் கார்பன் இருக்கும் பக்கத்தில்) மட்டும் ஹைட்ராக்சிலேற்றும். 1985-இல் பௌலோஸ் குழு இதன் படிக அமைப்பை வெளியிட்டது, பி450 குடும்பத்திலேயே முதலாவது. அதைத் திறந்து பாருங்கள். கற்பூரத்தின் கார்பனைல் ஆக்சிஜனை டைரோசின் 96 ஒரு ஹைட்ரஜன் பிணைப்பால் மேலிருந்து பிடித்திருக்கும். மெத்தில் தொகுதிகளுக்கு எதிரே வாலின் 247-உம் வாலின் 295-உம் நிற்கும். இந்த மூன்று தொடுபுள்ளிகளுக்கு நடுவில் மூலக்கூறு ஒரே ஒரு விதமாகத்தான் உட்கார முடியும். அப்படி உட்கார்ந்தால் 5-ஆம் கார்பன் இரும்பிலிருந்து சுமார் 4.2 ஆங்ஸ்ட்ரம் தொலைவில் வந்துவிடுகிறது.

இப்போது அந்த மெத்தில் தொகுதிகளை எடுத்துவிடுங்கள், அதாவது நார்கற்பூரத்தைக் கொடுங்கள். டைரோசினின் பிடி அப்படியே இருக்கிறது, வாலின்களுக்குத் தொட ஒன்றும் இல்லை. மூலக்கூறு அந்த ஒற்றைப் பிணைப்பில் தொங்கிக்கொண்டு சுழலத் தொடங்கும். விளைபொருள் 5-எக்சோவும் 6-எக்சோவும் ஏறக்குறையச் சரிபாதியாக, கொஞ்சம் 3-எக்சோவும் சேர்ந்து வரும். நொதி மாறவில்லை, ஹீம் மாறவில்லை. போனது அந்த மெத்தில்களின் உரசல் மட்டும்தான்.

மூன்றாமாண்டு:
அண்ணா, அப்படியானால் சிஸ்டீனின் பங்கு என்ன? தெரிவில் அதற்கு வேலையே இல்லையா?

ஹீம்வலை:
தம்பி, எந்த ஹைட்ரஜன் என்பதில் நேரடியாக இல்லை. ஆனால் இந்த வினை நடப்பதற்கே அதுதான் காரணம். சிஸ்டீனின் தயோலேட்டு (எதிர்மின் கந்தகம்) எலக்ட்ரானைத் தள்ளுவதால், ஹைட்ரஜனைப் பறித்த பிறகு வரும் இரும்பு-ஹைட்ராக்சில் நிலை அசாதாரணமாகக் காரத்தன்மை பெறுகிறது. கிரீன் குழு அளந்த பிகேஏ (காரத்தன்மையைக் காட்டும் எண்) 12-க்கு அருகில். அந்தக் காரத்தன்மையால், காம்பவுண்ட்-1 மிக உயர்ந்த மின்னழுத்தம் இல்லாமலேயே வலுவான கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க முடிகிறது. மின்னழுத்தம் அதிகமாக இருந்தால் சுற்றியுள்ள டைரோசினையும் டிரிப்டோபேனையும் முதலில் தின்றுவிடும். அதாவது தன் புரதத்தை விட்டுவிட்டுத் தளப்பொருளைத் தாக்குகிற தெரிவு சிஸ்டீனிலிருந்து வருகிறது. இதையும் தெரிவுத்திறன் என்றுதான் நான் எண்ணுகிறேன், பலர் கணக்கில் எடுப்பதில்லை.

கணிமூலக்கூறு:
ஹீம்வலை சொன்னதில் ஒரு பகுதியோடு உடன்பட முடியவில்லை. பி450கேம் அழகான உதாரணம், ஆனால் அது விதிவிலக்கு. இறுக்கமான குழியில் இறுக்கமான மூலக்கூறு. படிகப் படத்தைப் பார்த்து விளைபொருளைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையை அது எல்லோருக்கும் கொடுத்துவிட்டது.

பேசில்லஸ் மெகாட்டீரியத்தின் பி450 பிஎம்3-ஐ எடுங்கள். (பாக்டீரியாவுக்கு இப்போது பிரீஸ்டியா மெகாட்டீரியம் என்று பெயர்.) இது கொழுப்பு அமிலங்களில் நுனிக்கு முந்தைய மூன்று கார்பன்களை, அதாவது ஒமேகா-1, 2, 3 இடங்களை, ஹைட்ராக்சிலேற்றும். தளப்பொருளோடு கூடிய படிக அமைப்பில் அந்தக் கார்பன்கள் இரும்பிலிருந்து 7 ஆங்ஸ்ட்ரத்துக்கும் மேல் தள்ளியிருக்கின்றன. அந்தத் தூரத்தில் வினை நடக்கவே நடக்காது. இரும்பு ஒடுக்கமடையும்போது தளப்பொருள் ஏறத்தாழ 6 ஆங்ஸ்ட்ரம் உள்ளே நகர்வதாக 1990-களின் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அளவீடுகள் காட்டின. படிகம் காட்டியது காத்திருக்கும் நிலையை, வினை செய்யும் நிலையை அல்ல.

பி450கேமிலும்கூட ஒரு சங்கதி இருக்கிறது. 1982-இல் கெல்ப், ஸ்லிகர் குழு கற்பூரத்தின் 5-எக்சோ ஹைட்ரஜனை மட்டும் டியூட்டீரியமாக மாற்றிக் கொடுத்தார்கள். டியூட்டீரியத்தைப் பறிப்பது கடினம். நொதி என்ன செய்தது தெரியுமா? எதிர்ப்புறமான எண்டோ பக்கத்து ஹைட்ரஜனையும் பறித்தது. ஆனால் ஆக்சிஜன் மட்டும் எப்போதும் எக்சோ முகத்தில்தான் வந்து சேர்ந்தது. அதாவது பறிக்கும் படியில் இரண்டு ஹைட்ரஜனும் எட்டும் தூரத்தில்தான் இருந்தன. கண்டிப்பு இருந்தது திரும்பிப் பிணையும் படியில். நிலைத்த படம் ஒன்றை வைத்துக்கொண்டு ‘இந்த ஹைட்ரஜன் அருகில் இருக்கிறது, ஆகவே இதுதான்’ என்றால் இந்த முடிவுக்கு வந்திருக்கவே முடியாது.

ஹீம்வலை:
டியூட்டீரியம் சோதனையை நினைவூட்டியதற்கு நன்றி, அது எடை மிக்க சான்று. ஆனாலும் 5-ஆம் கார்பனை விட்டு வேறு கார்பனுக்குத் தாவவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். எந்தக் கார்பன் என்பதைக் குழி தீர்மானித்தது. அந்தக் கார்பனில் எந்தப் பக்கம் என்பதை, தனி உறுப்பு திரும்பும் நேரத்தில் ஆக்சிஜன் எங்கே இருந்தது என்பது தீர்மானித்தது. இரண்டு கேள்வி, இரண்டு படி.

நொதிப்பட்டறை:
பரிசோதனைச் சாலையில் பிஎம்3-ஐயே நாள் முழுக்கக் கையாளுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இருவரும் சொல்வது வாயு வண்ணப்படிவில் அப்படியே சிகரங்களாகத் தெரியும்.

இந்த நொதியின் குழி நீண்ட புனல் மாதிரி. வாசலில் ஆர்ஜினின் 47, டைரோசின் 51 இரண்டும் கொழுப்பு அமிலத்தின் கார்பாக்சிலேட்டைப் பிடிக்கும். அடியில், ஹீமுக்கு நேர் மேலே, ஃபினைல்அலனின் 87 தன் வளையத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். சங்கிலியின் கடைசி மெத்தில் இரும்பை நெருங்கவிடாமல் தடுப்பது அந்த வளையம்தான். நுனியில் ஹைட்ராக்சில் வராததற்கு அதுவே காரணம். நுனியைத்தான் வேண்டுமென்றால் சிஒய்பி153 குடும்பத்துக்குப் போகவேண்டும். அங்கே ஹீமுக்கு மேலான பகுதி ஒடுங்கி, சங்கிலியின் முனை மட்டும் நுழைகிறபடி இருக்கும். ஆக்டேனில் 95 விழுக்காட்டுக்கு மேல் 1-ஆக்டனால் கிடைக்கும்.

அந்த 87-ஆம் இடத்தை வாலினாக மாற்றிப் பார்த்தார்கள். இயல்பான நொதி அராக்கிடோனிக் அமிலத்தை முக்கியமாக 18-ஆம் கார்பனில் ஹைட்ராக்சிலேற்றும், கொஞ்சம் 14,15-எபாக்சைடும் தரும். வாலின் மாற்றம் வந்ததும் ஏறக்குறைய முழுவதும் 14,15-எபாக்சைடு. ஒரு பென்சீன் வளையம் போனதால் சங்கிலி இன்னும் உள்ளே இறங்குகிறது, இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜனுக்கு நேராக வருகிறது. வினையின் இடம் மட்டும் அல்ல, வகையே மாறிவிட்டது.

கரிமம் கேட்டது பெரிய வளையம் என்பதால் ரீட்ஸ் குழுவின் 2011 வேலை இன்னும் பொருந்தும். இயல்பான பிஎம்3 டெஸ்டோஸ்டிரோனைத் தொடவே தொடாது. 87-ஐ அலனினாக மாற்றினால் ஸ்டீராய்டு உள்ளே போகும், ஆனால் 2-பீட்டா, 15-பீட்டா ஹைட்ராக்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று. இந்த இரண்டு கார்பனும் ஸ்டீராய்டின் எதிரெதிர் முனைகளில் இருப்பவை! ஒரே குழிக்குள் மூலக்கூறு இரண்டு தலைகீழ் நிலைகளில் உட்காருகிறது என்றுதானே அர்த்தம். பிறகு குழியைச் சுற்றியுள்ள இடங்களைச் சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லா அமினோ அமிலங்களையும் மாற்றிப் பார்த்து, வென்றதை அடுத்த சுற்றுக்கு எடுத்துப்போனார்கள். கடைசியில் ஒரு வடிவம் 97 விழுக்காடு 2-பீட்டா, இன்னொன்று 96 விழுக்காடு 15-பீட்டா. ஒரே தொடக்கம், எதிர்த் திசைகள்.

கரிமம்:
அருமை. ஆனால் ஒரு சந்தேகம். குழியைப் பெரிதாக்கினால் எதுவும் நுழையும், தெரிவு போகும். சிறிதாக்கினால் தெரிவு வரும், வேகம் போகும். இதில் ஏதாவது ஒன்றை விட்டே ஆகவேண்டுமா?

நொதிப்பட்டறை:
விடுவது பெரும்பாலும் வேகத்தை அல்ல, எலக்ட்ரானை. புதியவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

தளப்பொருள் குழியை நிரப்பாவிட்டால் மிச்ச இடத்தில் நீர் மூலக்கூறுகள் இருக்கும். நொதியின் வினைச் சுழற்சி பாதியில் அறுந்து ஆக்சிஜன் சூப்பராக்சைடாகவோ ஹைட்ரஜன் பெராக்சைடாகவோ வெளியே போகும். காம்பவுண்ட்-1 வரை வந்தாலும் தகுந்த ஹைட்ரஜன் எட்டாவிட்டால் அதுவே மேலும் ஒடுக்கப்பட்டு நீராகிவிடும். எலக்ட்ரான் தரும் என்ஏடிபிஹெச் செலவாகிக்கொண்டே இருக்கும், விளைபொருள் வராது. இதைத்தான் இணைப்பு அறுதல் என்கிறோம். நார்கற்பூரம் கொடுத்தபோது பி450கேமிலும் நடந்தது இது, எலக்ட்ரானில் பெரும்பகுதி வீண்.

340 நேனோமீட்டரில் என்ஏடிபிஹெச்சின் ஒளி உறிஞ்சல் மளமளவென்று இறங்கும். ‘அடடா, என்ன வேகம்!’ என்று தோன்றும். அதே குப்பியில் விளைபொருளை அளந்தால் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 340-ஐ மட்டும் பார்த்து மியூட்டன்ட்டை (மாற்றம் செய்த நொதியை) தேர்ந்தெடுக்கவே கூடாது.

இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. குழியை மாற்றாமல், காலி இடத்தை வேறொன்றால் நிரப்புவது. வதனாபே குழுவும் ரீட்ஸ் குழுவும் 2011-இல் தனித்தனியாகக் காட்டியது. முழுவதும் ஃபுளூரின் ஏற்றிய கொழுப்பு அமிலத்தைப் போட்டால் நொதி அதைத் தன் தளப்பொருள் என்று எண்ணி மூடிக்கொள்ளும். கார்பன்–ஃபுளூரின் பிணைப்பை உடைக்க முடியாது. மிச்சமிருக்கும் சிறு இடத்தில் புரொப்பேன் நுழைந்து 2-புரொப்பனாலாகும். எந்தத் திடீர்மாற்றமும் செய்யாத, இயற்கையான பிஎம்3 வாயு ஆல்க்கேனை ஆக்சிஜனேற்றுகிறது. குழியின் வடிவம் என்பது புரதம் மட்டும் அல்ல, உள்ளே இருப்பது எல்லாமும் சேர்ந்ததுதான் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியவில்லை.

ஃபிளேவின்மஞ்சள்:
எல்லோரும் ஹீமிலேயே நிற்கிறீர்கள். ஆக்சிஜனேற்றம் என்றால் ஹைட்ரஜன் பறிப்பு மட்டும் இல்லை. ஃபிளேவின் நொதிகளில் கட்டமைப்பு தெரிவை வேறு விதமாகச் செய்கிறது, அதைச் சொல்லாமல் இந்த இழை முழுமை பெறாது.

முதலில், கீட்டோனுக்குள் ஓர் ஆக்சிஜனைச் செருகும் பேயர்–வில்லிகர் மோனோஆக்சிஜனேசுகள். அசினெட்டோபாக்டரின் சைக்ளோஹெக்சனோன் மோனோஆக்சிஜனேஸ்தான் எல்லோருக்கும் தெரிந்தது. நொதியின் ஃபிளேவினான எஃப்ஏடி ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சிஃபிளேவினாகி, கீட்டோனைத் தாக்கி கிரீஜி இடைநிலையைத் தரும். பிறகு ஒரு கார்பன்–கார்பன் பிணைப்பு ஆக்சிஜனுக்குத் தாவும். குடுவையில் அதிகம் பதிலீடு பெற்ற கார்பன்தான் தாவும், விதி எளிது. ஆனால் தாவுகிற பிணைப்பு ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்புக்கு அதே தளத்தில் நேர் எதிர்த் திசையில் இருந்தே ஆகவேண்டும். நொதி பயன்படுத்திக்கொள்வது இந்த நிபந்தனையைத்தான். கிரீஜி இடைநிலையைச் சுழலவிடாமல் பிடித்துவைத்தால், பதிலீடு குறைந்த கார்பன் எதிர்த் திசையில் வந்துவிடும், அதுவே தாவும்.

பைசைக்ளோ[3.2.0]ஹெப்ட்-2-ஈன்-6-ஓனின் ரேசிமிக் கலவையை (இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களும் சமமாகக் கலந்ததை) கொடுத்துப் பாருங்கள். ஓர் எனன்சியோமர், அதாவது ஒரு பிம்ப வடிவம், வழக்கமான லேக்டோனாகும் (வளைய எஸ்டர்), மற்றது ‘வழக்கமல்லாத’ லேக்டோனாகும். இரண்டுமே உயர்ந்த எனன்சியோமர் தூய்மையோடு. ஒன்றையும் ஒதுக்கவில்லை, இரண்டையும் ஏற்றுக்கொண்டு வேறு வேறு வழியில் அனுப்புகிறது. பூட்டு-சாவிக் கதை இங்கே கையை விரித்துவிடும்.

இரண்டாவது, எனக்கு மிகப் பிடித்தது: பெனிசிலியம் சிம்ப்ளிசிசிமத்தின் வனிலைல் ஆல்கஹால் ஆக்சிடேஸ். 4-எத்தில்ஃபீனாலைக் கொடுத்தால் ஆர் வடிவ ஆல்கஹால் வரும், எனன்சியோமர் மிகை 94 விழுக்காடு. இதில் ஃபிளேவின் ஹைட்ரைடை எடுத்துக்கொள்ள, தளப்பொருள் குயினோன் மெத்தைடாக நிற்கும். தட்டையான மூலக்கூறு, இரண்டு முகமும் திறந்தது. அதில் வந்து சேரும் ஆக்சிஜன் காற்றிலிருந்து வருவது அல்ல, நீரிலிருந்து. ஆகவே ஆர், எஸ் என்பதைத் தீர்மானிப்பது, நீரின் புரோட்டானை எடுத்து அதைத் தூண்டிவிடும் காரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது. அந்தக் காரம் ஆஸ்பார்ட்டேட் 170. குழியின் எதிர்ப்பக்கத்தில் இருப்பது திரியோனின் 457.

2000-இல் ஆய்வாளர்கள் செய்தது இவ்வளவுதான்: 170-இல் இருந்த அமிலத்தை எடுத்துவிட்டு செரீனை வைத்தார்கள், 457-இல் குளூட்டமேட்டை வைத்தார்கள். காரம் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போனது. விளைபொருள் எஸ் வடிவமாக மாறியது, எனன்சியோமர் மிகை 80 விழுக்காடு. தளப்பொருள் உட்காரும் விதத்தை யாரும் மாற்றவில்லை. நீர் வரும் திசையை மாற்றினார்கள்.

மூன்றாமாண்டு:
ஆக்சிஜன் நீரிலிருந்துதான் வந்தது என்று எப்படி உறுதி செய்வார்கள்?

ஃபிளேவின்மஞ்சள்:
ஆக்சிஜன்-18 ஏற்றிய நீரில் வினையைச் செய்து நிறைநிறமாலையில் விளைபொருளின் நிறை இரண்டு கூடியிருக்கிறதா என்று பார்ப்பது. எதிர்ச் சோதனையாக ஆக்சிஜன்-18 வாயுவிலும் செய்யலாம். ஒரு புது ஆக்சிஜனேற்ற நொதி கையில் கிடைத்தால் முதல் வாரத்திலேயே செய்யவேண்டியது.

ஹீம்வலை:
ஃபிளேவின்மஞ்சள் சொன்ன ‘ஆக்சிஜன் வரும் திசை’க்கு, கொழுப்பு அமிலங்களில் வேலை செய்யும் லிப்பாக்சிஜனேசிலும் இணை உண்டு. அங்கே ஹைட்ரஜன் பறிபட்ட பின் தனி உறுப்பு பல கார்பன்களில் பரவி நிற்கும், ஆக்சிஜன் மூலக்கூறு எந்த முனையை எட்டுகிறதோ அங்கே சேரும். 2004-இல் கோஃபாவும் பிராஷும் கண்டது: எஸ் வகை நொதிகளில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அலனின், ஆர் வகையில் அதே இடத்தில் கிளைசின். பவளத்தின் 8-ஆர் நொதியில் அந்தக் கிளைசினை அலனினாக மாற்றினால் 12-எஸ் விளைபொருள். ஒரு மெத்தில் தொகுதி ஆக்சிஜன் போகும் பாதையில் குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கணிமூலக்கூறு:
இந்த வரிசையில் சிர்பி2-வையும் சேர்க்கவேண்டும். ஹீம் இல்லாத இரும்பு, ஆல்பா-கீட்டோகுளூட்டரேட் சார்ந்த ஹாலோஜனேஸ். வழக்கமாக இரும்பைப் பிடிக்கும் ஆஸ்பார்ட்டேட்டு இருக்கவேண்டிய இடத்தில் அலனின் இருக்கிறது, காலியான இடத்தில் குளோரைடு இரும்போடு சேர்கிறது. ஹைட்ரஜன் பறிபட்ட பிறகு கார்பன் தனி உறுப்புக்கு இரண்டு வழி: ஹைட்ராக்சிலா, குளோரினா? இயற்கைத் தளப்பொருளான திரியோனினின் மெத்தில், ஆக்சிஜனிலிருந்து சற்று விலகி குளோரினுக்கு நெருக்கமாக இருக்கும். ஆகவே குளோரினேற்றம். ஒரு கார்பன் நீண்ட நார்வாலினைக் கொடுத்தால் முனை ஆக்சிஜன் பக்கம் போய்விடும், ஹைட்ராக்சிலேற்றம் மிகும்.

சுவையானது என்னவென்றால், திரியோனினில் ஹைட்ரஜன் பறிப்பே மெதுவாக நடக்கிறது. தளப்பொருளை ஆக்சிஜனிலிருந்து தள்ளிவைத்ததற்கு நொதி கொடுக்கும் விலை அது. கரிமம் முன்பு ‘எதையாவது விட்டே ஆகவேண்டுமா’ என்று கேட்டாரே, இந்த நொதி விட்டது வேகத்தை.

கரிமம்:
அப்படியானால் அமைப்பு தெரிந்துவிட்டால் கணினியிலேயே விளைபொருளைச் சொல்லிவிடலாமே? இப்போது புரத அமைப்பைக் கணிக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

கணிமூலக்கூறு:
என் பிழைப்பே அதுதான், ஆகவே கணக்கோடு சொல்கிறேன். 25 டிகிரியில் இரண்டு விளைபொருள்கள் பத்துக்கு ஒன்று என்று வர, இரண்டு நிலைமாறு நிலைகளுக்கும் இடையே 1.4 கிலோகலோரி வேறுபாடு போதும். 99-க்கு 1 வேண்டுமென்றால் 2.7. ஒரு சாதாரண ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றலே இதைவிடப் பெரிதாக இருக்கலாம். டாக்கிங் (மூலக்கூறைக் குழிக்குள் பொருத்திப் பார்க்கும்) நிரல்களின் மதிப்பெண்களில் வரும் பிழையும் இந்த அளவுக்கு உண்டு. ஆகவே டாக்கிங்கில் முதலிடம் வந்த நிலையைக் காட்டி ‘இந்தக் கார்பன்தான்’ என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உதவுவது வேறு ஒன்று. மூலக்கூறு இயக்கவியலை நீண்ட நேரம் ஓட்டி, ஒவ்வொரு ஹைட்ரஜனும் இரும்பு-ஆக்சோவின் 3 ஆங்ஸ்ட்ரத்துக்குள், சரியான கோணத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது. அதோடு ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் தனியாகப் பறிப்புத் தடையைக் கணக்கிட்டுப் பெருக்குவது. அருகில் வருவதும் உடைவதும் சேர்ந்ததுதான் விடை. தளர்வான குழியில் மூலக்கூறின் சொந்த வினைத்திறன் மேலோங்கும், அங்கே உங்கள் 96, 98, 101 வரிசை மறுபடி தலைகாட்டும். மனிதக் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 பெரிய குழி கொண்டது, அதில் பல மருந்துகளின் வினை இடம் பிணைப்பு வலிமையோடு ஓரளவு ஒத்துப்போவது இதனால்தான். இறுக்கமான குழியில் அந்த வரிசைக்கு மதிப்பே இல்லை.

அமைப்பைக் கணிக்கும் கருவிகள் மடிப்பைச் சரியாகத் தருகின்றன. ஆனால் அவை தருவது ஒரு நிலை. பிஎம்3 திறந்தும் மூடியும் இருக்கும் இரண்டு நிலைகளுக்கு நடுவே நடப்பதுதான் நமக்கு வேண்டியது.

நொதிப்பட்டறை:
கணிப்பு இல்லாமலும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: கேலக்டோஸ் ஆக்சிடேஸ். ஃபுசேரியம் பூஞ்சையின் செம்பு நொதி. இதில் சிஸ்டீன் 228-உம் டைரோசின் 272-உம் கந்தகப் பிணைப்பால் கோக்கப்பட்டு, அந்த டைரோசினே தனி உறுப்பாக இருந்து வேலை செய்கிறது. கேலக்டோஸின் 6-ஆம் கார்பன் ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கும், குளுக்கோஸை ஏற்காது. இரண்டு சர்க்கரைக்கும் வித்தியாசம் 4-ஆம் கார்பனின் ஹைட்ராக்சில் நிற்கும் திசை மட்டுமே!

டிரிப்டோபேன் 290, ஆர்ஜினின் 330, குளூட்டமின் 406 மூன்றையும் மாற்றிய வடிவம் குளுக்கோஸையும் தொடத் தொடங்கியது. அதை அடித்தளமாக வைத்து டர்னர் குழு ஈரிணைய ஆல்கஹால்களைப் பிரித்தெடுத்தது. 2019-இல் மெர்க் நிறுவனம் இஸ்லாட்ராவிர் என்ற எச்ஐவி மருந்துக்கான தொகுப்பில், மேம்படுத்திய கேலக்டோஸ் ஆக்சிடேசால் 2-எத்தினைல்கிளிசராலின் இரண்டு சமமான ஆல்கஹால் முனைகளில் ஒன்றை மட்டும் ஆக்சிஜனேற்றியது. இரண்டு முனைக்கும் வேதியியலில் எந்த வேறுபாடும் இல்லை, கைரல் குழிக்குள் வந்தால் மட்டுமே வேறுபாடு. மொத்தத் தொகுப்பில் ஒன்பது நொதிகள், அவற்றில் ஐந்து மேம்படுத்தப்பட்டவை. மற்றவை துணை நொதிகள்: அவற்றில் பெராக்சைடை அகற்றக் கேட்டலேஸ், செம்பு மையத்தைச் செயல்நிலையில் வைத்திருக்க ஹார்ஸ்ரேடிஷ் பெராக்சிடேஸ். இந்தத் துணை நொதிகளை மறந்தால் எவ்வளவு நல்ல மியூட்டன்ட்டும் பாதியில் நின்றுவிடும்.

கரிமம்:
என் மூலக்கூறில் 14 அணு கொண்ட வளையம், ஒரு முனையில் ஹைட்ராக்சில். ஹைட்ராக்சிலேற்றம் வேண்டிய இடம் எதிர்ப்பக்கத்து மெத்திலீன். பெரும்பாலும் நீர்வெறுப்புப் பகுதி, டைரோசின் 96 போல ஒன்று பிடிக்க ஒன்றுமே இல்லை. எங்கே தொடங்குவது?

ஹீம்வலை:
பிடி இல்லாவிட்டால் பிடியை நீங்களே வைக்கலாம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வெனிசுயேலேயின் பிக்சி என்ற பி450-ஐப் பாருங்கள். மேக்ரோலைடு வளையத்தில் தொங்கும் டெசோசமைன் சர்க்கரையின் டைமெத்தில் அமினோ தொகுதியை, குழியின் குளூட்டமேட்டுகள் உப்புப் பாலமாகப் பிடித்துக்கொள்ளும். வளையம் எப்படி இருந்தாலும் அந்தப் பிடி போதும். ஷெர்மன் குழு சர்க்கரையை விட்டுவிட்டு, டைமெத்தில் அமினோ கொண்ட எளிய செயற்கை இணைப்பிகளை வளையத்தில் ஒட்டி, வேறு இடங்களில் ஹைட்ராக்சில் ஏற்றியது. இணைப்பியின் நீளத்தையும் வளைவையும் மாற்றினால் ஹீமுக்கு முன் வரும் கார்பனும் மாறுகிறது. உங்கள் ஹைட்ராக்சிலில் எஸ்டராக ஒட்டி, வேலை முடிந்ததும் நீராற்பகுத்து எடுத்துவிடலாம்.

நொதிப்பட்டறை:
அதோடு, கையில் பிஎம்3-இன் 87-அலனின் வடிவம் இருந்தால் எஸ்டர் இல்லாத மூலக்கூறையும் அதே நாளில் போட்டுப் பாருங்கள். ஸ்டீராய்டு போல இரண்டு மூன்று விளைபொருள் வந்தால் நல்ல அறிகுறி: மூலக்கூறு உள்ளே போகிறது, ஆக்சிஜன் எட்டுகிறது, இனி நிலையைத்தான் திருத்தவேண்டும். எதுவுமே வராமல் என்ஏடிபிஹெச் மட்டும் தீர்ந்தால் அந்தக் குழியோடு மல்லுக்கட்டவேண்டாம், வேறு நொதிக்குப் போய்விடுங்கள். அக்ரோசைபி ஏஜெரிட்டா காளானின் பெராக்சிஜனேஸ் ஒரு நல்ல மாற்று. அதற்கு என்ஏடிபிஹெச்சே வேண்டாம், ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். ஆனால் பெராக்சைடை மொத்தமாக ஊற்றினால் ஹீம் வெளுத்துவிடும், பம்ப் வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

கரிமம்:
எஸ்டர் இணைப்பி மூன்று நீளங்களில் செய்யத் தொடங்குகிறேன். டைமெத்தில் அமினோவுக்கும் எஸ்டருக்கும் நடுவே இரண்டு, மூன்று, நான்கு கார்பன். விளைபொருள் விகிதத்தோடு என்ஏடிபிஹெச் செலவையும் சேர்த்தே இங்கே பதிவிடுகிறேன்.

கணிமூலக்கூறு:
மூன்றின் அமைப்பையும் எனக்கு அனுப்புங்கள், நீங்கள் தொகுத்து முடிப்பதற்குள் பிக்சியில் இயக்கவியலை ஓட்டிவிடுகிறேன். கணிப்பை உங்கள் முடிவு வருவதற்கு முன்பே இங்கே எழுதிவைக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: முடிந்தால் வேண்டிய மெத்திலீனில் டியூட்டீரியம் ஏற்றிய ஒரு மாதிரியும் செய்யுங்கள். அதைப் போட்டதும் ஹைட்ராக்சில் பக்கத்துக் கார்பனுக்குத் தாவினால், வளையம் குழிக்குள் இன்னும் உருண்டுகொண்டுதான் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.